போதை நோய்க்கும் மனநோய்க்கும் ஒருங்கிணைந்த சிகிச்சை

மது, கஞ்சா, அபின் வகைப் பொருள்கள் முதலியவற்றுக்கு அடிமைப்பட்டவருக்கு மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு போன்ற மனநோயும் சேர்ந்திருப்பது இரட்டை நோயறிதல் எனப்படும். இரண்டையும் ஒரே மருத்துவக் குழு, ஒரே திட்டத்தின்கீழ், ஒரே காலத்தில் கவனிப்பதே ஒருங்கிணைந்த சிகிச்சை.

பரவல்

அமெரிக்காவில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வின்படி, மனச்சிதைவு உள்ளவர்களில் 47 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் மது அல்லது போதைப்பொருள் கோளாறுக்கு ஆளாகியிருந்தனர். மதுக் கோளாறு உள்ளவர்களில் 37 விழுக்காட்டினருக்கு மனநோயும் இருந்தது.

காரணங்கள்

மனவேதனையைத் தணிக்கவே பலர் போதையை நாடுகின்றனர் என்ற தன்மருத்துவக் கருதுகோளை எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் முன்வைத்தார். இதற்கு எதிர்த்திசையிலும் நோய் வளரும்: தொடர்ந்து குடிப்பது மனச்சோர்வை உண்டாக்கும், கஞ்சா மனச்சிதைவுக்கான வாய்ப்பைக் கூட்டும். மரபுக்கூறுகளும் குழந்தைப்பருவக் கொடுமைகளும் இரண்டு நோய்களுக்குமே வழிவகுக்கின்றன.

நோயறிதல்

குடியால் வந்த மனச்சோர்வு, குடியை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். நான்கு வாரங்களுக்குப் பின்னும் நீடித்தாலோ, குடிப்பழக்கத்துக்கு முன்பே இருந்திருந்தாலோ, அது தனி நோயாக இருக்க வாய்ப்பு மிகுதி. தற்கொலை எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். ஆகவே மருத்துவ வசதியில்லாத இடத்தில் அடைத்துவைத்துக் குடியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

சிகிச்சை முறை

முன்பு, ‘முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள்’ என்று மனநல மருத்துவமனையும், ‘மனநோயைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்’ என்று போதை மறுவாழ்வு மையமும் நோயாளியைத் திருப்பி அனுப்புவதுண்டு. இதற்கு மாற்றாக அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், கிம் மியூசர் முதலியோர் ஒருங்கிணைந்த முறையை வளர்த்தெடுத்தனர். நம்பிக்கையைப் பெறுதல், மாற்றத்துக்கான விருப்பத்தை வளர்த்தல், தீவிர சிகிச்சை, மீண்டும் போதைக்குத் திரும்பாமல் தடுத்தல் என இது நான்கு படிகளில் நடைபெறும். வில்லியம் மில்லர் 1983இல் விவரித்த ஊக்கமூட்டும் நேர்காணல் இதில் முக்கியமான கருவி. மீண்டும் குடித்துவிட்டார் என்பதற்காக எவரும் சிகிச்சையிலிருந்து விலக்கப்படுவதில்லை. அதுவும் நோயின் போக்காகவே கருதப்படுகிறது.

மருந்துகளையும் ஒரே குழு கண்காணிப்பது இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, குளோசபின் உட்கொள்பவர் புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயரும்; மருந்தளவைக் குறைக்க வேண்டிவரும். எந்த ஒரு உளவியல் முறையும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானது என்று இதுவரை நிறுவப்படவில்லை. எனவே சிகிச்சை அவரவர் தேவைக்கேற்ப அமைகிறது.

இந்தியாவில்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இரண்டுக்கும் ஒரே வளாகத்தில் சிகிச்சை கிடைக்கிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, போதை நோய் சிகிச்சையில் முன்னோடி. ஆயினும் மறுவாழ்வு மையங்கள் பல சமூக நீதி அமைச்சகத்தின் உதவியோடும், மனநல மருத்துவமனைகள் சுகாதாரத் துறையின்கீழும் இயங்குகின்றன. உதவி எண்களும் தனித்தனி: மனநலத்துக்கு 14416, போதை மீட்புக்கு 14446. எந்த வாசலில் வந்தாலும் இரு நோய்களையும் கேட்டறிந்து சிகிச்சை தொடங்குவதே ஒருங்கிணைந்த சிகிச்சை வலியுறுத்தும் அடிப்படை நெறி.