கிட் கிளை

கிட் கிளை என்பது கிட் பதிப்பு மேலாண்மை மென்பொருளில் ஒரு கமிட்டை, அதாவது பதிந்துவைத்த ஒரு நிலையைச் சுட்டும் பெயர். ஒரே மென்பொருளில் நடக்கும் பல வேலைகளைத் தனித்தனியே வளர்த்து, முடிந்தபின் ஒன்றுசேர்க்க இது உதவுகிறது.

லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளின் இலவச உரிமம் பறிபோனதால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே மாதம், அதே காரணத்தால் மெர்க்குரியல் என்ற இன்னொரு பதிப்பு மேலாண்மை மென்பொருளும் பிறந்தது. 2005 ஜூலை முதல் கிட்டைப் பராமரித்துவருபவர் ஜூனியோ ஹமானோ.

வழக்கமான அமைப்பில் ஒரு கிளை வெறும் 41 பைட் கோப்பு: கடைசிக் கமிட்டின் 40 இலக்கப் பதினறும எண், கூடவே ஒரு வரிமுறிவு. ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தையதைச் சுட்டுவதால், அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டே வரலாறு முழுவதையும் பின்னோக்கிப் படிக்கலாம். கிளையை அழித்தாலும் பெயர்தான் போகும்; கமிட்டுகள் உடனே அழிவதில்லை. நகர்வுகளைப் பதிந்துவைக்கும் ரெஃப்லாகில் தேடி அவற்றை மீட்கலாம்.

கிளை உருவாக்குவது, கிட்டுக்கு முந்தைய பதிப்பு மேலாண்மை மென்பொருளான சப்வெர்ஷனிலும் எளிதுதான். திண்டாட்டமெல்லாம் கிளைகளை மெர்ஜ் செய்யும்போது, அதாவது ஒன்றுசேர்க்கும்போதுதான். எதுவரை மெர்ஜ் ஆனது என்ற கணக்கை, 2008இல் அதன் 1.5 பதிப்பு வரும்வரை நிரலாளரே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிட் இரு கிளைகளின் பொது மூதாதைக் கமிட்டைத் தானே கண்டுபிடித்து மூன்றையும் ஒப்பிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் மாறிய வரியை அப்படியே ஏற்கும்; இருபக்கமும் வெவ்வேறாக மாறியிருந்தால் முரண்பாடு என்று நிறுத்திவிடும். ஆனால் கிட் பார்ப்பது வரிகளை, பொருளை அல்ல. ஒரு கிளையில் ஒருவர் ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். மற்றொரு கிளையில் இன்னொருவர் பழைய பெயரிலேயே அதைப் புதிய கோப்பிலிருந்து அழைக்கிறார். மெர்ஜ் சத்தமில்லாமல் முடியும், பில்டு உடையும். முரண்பாடு காட்டும் மெர்ஜைவிட இதுவே ஆபத்தானது.

பாதி வேலையில் இருக்கும்போது வேறு கிளையில் அவசரப் பிழைதிருத்தம் வந்தால், ஸ்டாஷ் கட்டளையால் மாற்றங்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் போவது பழைய வழி. ஒதுக்கியவை குவிந்தால் எது எந்தக் கிளைக்குரியது என்பதே மறந்துவிடும். கிட் 2.5 பதிப்பு, 2015 ஜூலையில், வொர்க்ட்ரீ கட்டளையைக் கொண்டுவந்தது. வரலாற்றுத் தொகுப்பு ஒன்றே, கிளைக்கொரு அடைவு. ஓர் அடைவில் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்க, மற்றொன்றில் திருத்தலாம். ஒரே கிளையை இரண்டு அடைவுகளில் திறக்க கிட் வழக்கமாக விடாது. ஒன்றில் கமிட் செய்தால் கிளை முன்னே போய்விடும், மற்ற அடைவின் கோப்புகள் பழைய நிலையிலேயே நிற்கும் என்பதே காரணம். கிட் கண்காணிக்காத உள்ளமைவுக் கோப்புகளும் நிறுவிய நூலகங்களும் புதிய அடைவுக்கு வாரா. முதன்முறை பயன்படுத்துவோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

கிளைகளை எப்படி வகுப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் சுமார் இரண்டு வாரம் புதிய அம்சங்கள் மெர்ஜ் ஆகின்றன. பிறகு திருத்தங்கள் மட்டுமே. வின்சென்ட் டிரீசன் 2010இல் முன்வைத்த கிட்ஃப்ளோ என்ற முறை, வளர்ச்சி, வெளியீடு, அவசரத் திருத்தம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளை வகுத்தது. பல நிறுவனங்கள் அதை வேதமாகவே பிடித்துக்கொண்டன. தொடர்ந்து வெளியிடப்படும் மென்பொருள்களுக்கு இதைவிட எளிய முறையே போதும் என்று 2020இல் டிரீசனே தம் கட்டுரையில் குறிப்பு சேர்த்தார்.