சோழவரத்து ஃபியட்டுகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரிமளம், திருமயம், ஆவுடையார்கோவில் பக்கம் திருவிழா வந்தால் தார்ச்சாலையே பந்தய மைதானம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று பிரித்து வண்டிகளை விடுவார்கள். ஒலிபெருக்கியில் மாட்டுக்காரரின் பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்ந்தே வரும். சாலையோரம் நிற்கும் பெரியவர்களுக்கு எது எந்த ஊர் ஜோடி, சாரதி யார், போன பந்தயத்தில் எந்த இடத்தில் கோட்டை விட்டது என்பதெல்லாம் அத்துபடி. ஓடுகிற மாட்டுக்கும் பார்க்கிற ஆளுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

தமிழ்நாட்டுக் கார் பந்தயத்திலும் ஒரு காலத்தில் இந்த நெருக்கம் இருந்தது. இடம், சென்னைக்கு வடக்கே செங்குன்றம் தாண்டி, சோழவரம்.

இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்தபின் சும்மா கிடந்த கான்கிரீட்டில் வேகப் பிரியர்கள் வண்டியோட்டத் தொடங்கினார்கள். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. கல்கத்தாக்காரர்களுக்குப் பாரக்பூர், பம்பாய்க்காரர்களுக்கு ஜுஹு என்று அந்நாளில் இந்தியப் பந்தயமே விமானத் தளங்களை நம்பித்தான் நடந்தது. சோழவரத்துத் தடம் ஆங்கில 'டி' எழுத்து வடிவம். நீண்ட நேர்பாதையில் முழு வேகம், முனையில் வெடுக்கென்று ஒரு திருப்பம். பிரேக் நன்றாக இருந்தவன் பிழைத்தான். ஆண்டுதொடக்கத்துப் பந்தய நாட்களில் மெட்ராஸிலிருந்து பல்லாயிரம் பேர் அங்கே போனார்கள். இலங்கையிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தார்கள்.

ஓடிய கார்கள் எவை? ராஜாக்களும் தொழிலதிபர்களும் கொண்டுவந்த வெளிநாட்டு வண்டிகள் இருந்தன. கோண்டல் மகாராஜா வந்தார், கல்கத்தாவின் கின்னி லால் லோட்டஸ் ஓட்டினார், விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து இறக்கினார். கண்ணுக்கு விருந்துதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய ஆட்களைப் பேசவிட்டால் பேச்சு வெகு சீக்கிரம் ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் வந்துவிடும். காரணம் எளிது. அந்தக் கார்கள் அவர்கள் தெருவில் நின்றன.

ஐம்பதுகளிலிருந்து வெளிநாட்டுக் கார் இறக்குமதியை அரசு இறுக்கிப் பிடித்தது. வீட்டுக்குக் கார் வாங்கப் போனவருக்கு மூன்றே பெயர்கள்: உத்தரபாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பத்மினி என்று பின்னால் பெயர் மாற்றிக்கொண்ட ஃபியட்டின் எஞ்சின் 1,089 சிசி. டாக்டர் வீட்டுக் கார், கல்யாணக் கார், டாக்ஸி எல்லாமே அதுதான். அதையே பின் சீட்டைக் கழற்றி, பம்பரை எடுத்து, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, இரட்டை கார்புரேட்டர் மாட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியரைத் தரைக்கு இறக்கிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேட்டில் ஏறத் திணறும் தன் வீட்டுக் கார் அங்கே உறுமிக்கொண்டு பறப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது!

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் 1958இல் தொடங்கிய சலூன் கார் சாம்பியன்ஷிப்பில் மினிகளும் குடும்பக் கார்களும் மோதின. ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான ஜிம் கிளார்க் 1964இல் ஃபோர்ட் கார்ட்டினாவில் அந்தப் பட்டத்தை வென்றார். அங்கேயும் பழைய ரசிகர்கள் ஏங்குவது அந்த நாட்களுக்குத்தான்.

ஃபியட்டைப் பந்தயக் காராக்கிய கைவேலை வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். உதிரிபாகம் கடல் கடந்து வரவேண்டிய காலத்தில், நடுவழியில் நின்ற வண்டியை அங்கேயே பிரித்து அங்கேயே பூட்டத் தெரிந்தவர்களால்தான் அப்படிப்பட்ட ஓட்டங்கள் நின்று நிலைத்தன. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் பஸ் ஓட்டுவதற்கான கருவியையும் அவருடைய டிவிஎஸ் நிறுவனமே செய்து கொடுத்தது. சோழவரத்துக்குப் பின்னாலிருந்த பட்டறைகள் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவை. கிடைத்ததை வைத்துச் செய்வது அவர்களுக்குக் கட்டாயம். அதைக் கலையாக்கியது அவர்கள் திறமை.

எண்பதுகளில் இரண்டு சின்ன வண்டிகள் வந்து பெரியவர்களின் கணக்கைக் குலைத்தன. பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபினுக்கு ஃபைபர் உடம்பு, 848 சிசி எஞ்சின். மழைக்கு ஒழுகும் என்று வீட்டுக்காரர்கள் திட்டிய அதே கார், எடை குறைவு என்பதால் பந்தயத்தில் சீறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பணக்காரர் அல்லாத பையன்களும் எட்டிப்பிடிக்கக்கூடிய முதல் படி அது. 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்குகிறது.

1990இல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. 3.7 கிலோமீட்டர் நீளத்தில், பந்தயத்துக்கென்றே கட்டிய தடம். சோழவரத்தை நினைத்து உருகுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். ஓடுதளம் என்பது விமானத்துக்குப் போட்டது. தடம் மாறிய கார் கூட்டத்துக்குள் புகாமல் தடுக்க உறுதியான ஏற்பாடு எதுவும் அதற்கில்லை. நெருக்கம் நெருக்கம் என்று கொண்டாடும்போது இது மறந்துபோகிறது. புதுக்கோட்டைச் சாலைகளில் மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார். முறையான தடம் இல்லாமல் அந்தப் பாதை திறந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் இழந்ததும் உண்மை. 2010இல் வந்த போலோ கோப்பை போன்ற போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரிக் கார். ஓட்டுகிறவரின் திறமையை அளக்க அதைவிட நியாயமான வழி கிடையாது. பட்டறைக்காரரின் திறமையை அளக்க அதில் இடமும் கிடையாது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. நகரின் நடுவே, 3.5 கிலோமீட்டர் தெருத்தடம். கம்பி வேலிக்கு அப்பால் ஒரு மின்னல், ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த வண்டி எதுவும் யார் வீட்டு வாசலிலும் நிற்காது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. ஓடியது போர்ஷே 911 ஜிடி3 கப். கொண்டாடியவர்களில் பலருக்கு அணித்தலைவரின் எல்லாப் படங்களின் பெயரும் தெரியும். அந்தக் காரின் எஞ்சின் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கேட்டால் யோசிப்பார்கள். சோழவரத்துக் கூட்டத்துக்கோ ஃபியட்டின் கார்புரேட்டர் எந்தப் பக்கம் என்பது வரை தெரியும், ஏனென்றால் ஊருக்குத் திரும்பும் வழியில் அது அடைத்துக்கொண்டால் அவர்களேதான் இறங்கி ஊதிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.