எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம்

மணல் அச்சில் வார்த்த கனத்த இரும்புச் சட்டியின் மேல் கண்ணாடித் தூளை உருக்கிப் படியவைத்துச் செய்யும் சமையல் பாத்திரம் இது. மூடியோடு வரும் வட்ட வடிவத்தைப் பிரான்சில் கொக்கோட் என்றும் அமெரிக்காவில் டச்சு அவன் என்றும் சொல்கிறார்கள். பார்வைக்குப் பெயின்ட் அடித்ததுபோல் இருந்தாலும், மேலே இருப்பது 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், சூளைக்குள் உருகி இரும்பைப் பற்றிக்கொண்ட கண்ணாடி. அந்த இரண்டையும் பிரியாமல் ஒட்டவைக்கப் பட்ட பாடுதான் இதன் வரலாறு. இன்று பெட்டிக்குள் வைத்துத் தரும் பராமரிப்புக் குறிப்புகளும் அங்கிருந்து வந்தவையே.

தோற்றம்

இரும்பை உருக்கி வார்க்கும் கலை சீனாவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஐரோப்பாவில் அதைச் சாதாரணக் குடும்பத்தின் அடுப்படிக்குக் கொண்டுவந்ததில் ஆபிரகாம் டார்பி என்ற ஆங்கிலேயருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் காலத்தில் நல்ல பாத்திரம் என்றால் பித்தளைதான், விலையும் அதிகம். டச்சுக்காரர்களின் பித்தளை வார்ப்பு முறையைத் தெரிந்துகொண்டு வந்த டார்பி, அதை இரும்புக்குத் திருப்பினார். மணலில் இரும்புப் பானை வார்க்க 1707இல் காப்புரிமை பெற்றார். 1709இல் கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை இட்டு இரும்பை உருக்கினார். காடுகளை நம்பாமல் இரும்பு வார்க்க வழி பிறந்தது.

ஆனால் வெறும் வார்ப்பிரும்பு ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். புளிப்பு பட்டால் கரையும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டுவைத்தவர்களுக்கு அந்தக் கறுப்பையும் வாயில் நிற்கும் துவர்ப்பையும் விளக்க வேண்டியதில்லை. நம்மூரில் பித்தளைக்கு ஈயம் பூசியதுபோல், இங்கிலாந்தில் வார்ப்பிரும்பின் உட்புறத்துக்கும் வெள்ளீயம் பூசினார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சட்டி கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்தால் பூச்சு போய்விடும்.

பொன்னிலும் செம்பிலும் கண்ணாடியை உருக்கி ஒட்டுவது நகை செய்வோருக்குப் பழைய வித்தை. ஜெய்ப்பூர் மீனாகாரி அந்த வகைதான். இரும்பு அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் இருக்கிறது. சூளைச் சூட்டில் அது வாயுவாகக் கிளம்பி, உருகிய கண்ணாடியில் கொப்புளத்தையும் ஊசித்துளையையும் உண்டாக்கும். அதைவிடப் பெரிய தொல்லை சுருக்கம். ஆறும்போது கண்ணாடி இரும்பைவிட அதிகமாகச் சுருங்கினால் மயிரிழை வெடிப்பு விழும். மிகவும் குறைவாகச் சுருங்கினால் சில்லாகத் தெறிக்கும். இரும்பைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைவாகச் சுருங்கும்படி கலவையைக் கூட்ட வேண்டும். அப்போதுதான் இரும்பு கண்ணாடியை எந்நேரமும் இறுக்கிப் பிடித்திருக்கும். இழுத்தால் உடைகிற கண்ணாடி, அமுக்கினால் வெகுவாகத் தாங்கும். எனாமல்காரரின் தொழில் ரகசியம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் கோனிக்ஸ்பிரான் இரும்பாலையில் 1760களிலும், லௌஹ்ஹாமரில் 1785 வாக்கிலும் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு செய்து பார்த்தார்கள். கண்ணாடி சீக்கிரம் உருகுவதற்காக அக்காலத்துக் கலவைகளில் காரீயம் சேர்ப்பது உண்டு. புளிப்பிலிருந்து காப்பாற்ற வந்த பூச்சிலிருந்தே புளிப்பு நஞ்சை இழுத்துவிடும். அந்த வேலைக்கு வெங்காரம் போதும் என்று ஆன பிறகே பயம் தணிந்தது. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமை ஒட்டிய ஊர்களில் கென்ரிக் போன்ற வார்ப்பாலைகள் எனாமல் பாத்திரங்களைப் பெருமளவில் விற்றன. பிறகு தகட்டில் பூசிய எனாமல் வந்தது. ஆஸ்பத்திரிகளில் பார்த்த நீல விளிம்பு வெள்ளைக் குவளை அந்த இனம். எடை குறைவு, விலையும் குறைவு. வார்ப்பிரும்பு பின்னுக்குப் போனது.

பிரான்சில்

அதைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெல்ஜியக்காரர்கள். அர்மான் தெசாகெர் வார்ப்பில் தேர்ந்தவர். ஒக்தாவ் ஒபெக் எனாமலில் தேர்ந்தவர். 1924இல் பிரஸ்ஸல்ஸ் சந்தையில் சந்தித்துக்கொண்ட இவர்கள், மறுவருடமே வடபிரான்சின் பிரெனுவா-லெ-கிரானில் லெ குருசே நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் கொக்கோட் ஆரஞ்சு நிறம்: உருகிய இரும்பு மூசையில் தகதகக்கும் நிறம். அதுவரை அடுப்பு மேடையோடு நின்ற சட்டி சாப்பாட்டு மேசைக்கு வந்ததில் சமையல் குணத்துக்கு இருக்கும் பங்கைவிட இந்த நிறத்துக்குப் பங்கு அதிகம் என்றே சொல்லலாம். மற்றபடி முறை டார்பியுடையதுதான். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு மணல் அச்சு. வார்த்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள்.

1934இல் கூசான்ஸ் வார்ப்பாலை தூஃபே என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் மூடியின் மேல் பள்ளத்தில் ஐஸ் வைத்தால் உள்ளே நீராவி குளிர்ந்து கறியின் மேல் சொட்டும். கூசான்ஸை 1957இல் லெ குருசே வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி வரைந்த கொக்கெல் விற்பனைக்கு வந்தது. மர்லின் மன்றோ வைத்திருந்த மஞ்சள் லெ குருசே செட் 1999இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 25,300 டாலருக்குப் போனது, சட்டியின் விலையல்ல, சொந்தக்காரரின் விலை.

பிரான்சிஸ் ஸ்டோப் 1974இல் அல்சாஸில் வேறு வழி பிடித்தார். உட்புறம் வெள்ளைக்குப் பதில் சொரசொரப்பான கறுப்பு எனாமல். மூடியின் அடியில் நீர் சொட்டச் சிறுசிறு முனைகள். முனைகளின் மகிமையை விளம்பரம் கொஞ்சம் கூட்டியே சொல்கிறது. இறுக்கமாக உட்காரும் எந்தக் கனத்த மூடியும் ஆவியைத் திருப்பி அனுப்பும். கறுப்புப் பூச்சு மெய்யாகவே நல்ல யோசனை. எண்ணெய் பிடிக்கப் பிடிக்க வறுவல் ஒட்டாமல் வரும், கறையும் தெரியாது. அவருடைய நிறுவனம் 2008இல் ஜெர்மனியின் ஸ்விலிங் கைக்குப் போனது. இன்று சீனாவிலும் ஜப்பானிலும் இந்தியாவிலும் இவ்வகைப் பாத்திரங்கள் கிடைக்கின்றன.

தேர்வும் பயன்பாடும்

நான்கைந்து பேர் வீட்டுக்கு 24 முதல் 26 சென்டிமீட்டர் விட்டம் போதும். நிறைந்த சட்டியை இரண்டு கையால் தூக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். 26 சென்டிமீட்டர் சட்டி மூடியோடு காலியாகவே ஐந்து கிலோவை ஒட்டி வரும். மூடியின் குமிழ் பிளாஸ்டிக் வகை என்றால் அவன் அடுப்பின் உச்சச் சூட்டுக்கு ஆகாது. வெள்ளை உட்புறத்தில் வெங்காயம் எவ்வளவு சிவந்தது என்று நன்றாகத் தெரியும்.

வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகப் பரப்பும்; அலுமினியத்தின் வேகத்தில் நாலில் ஒரு பங்குகூட வராது. சின்னத் தீயில் நிதானமாகக் காயவிட்டால் எங்கும் ஒரே சூடு நிற்கும். பிறகு தீயைக் குறைத்தாலும் கொதி அடங்காது. ஆட்டுக்கறி, வத்தக்குழம்பு, பருப்பு, தக்காளித் தொக்கு எல்லாம் இதற்கு ஏற்றவை. தோசைக்கு இது வேண்டாம். பழகிய வெறும் கல்தான் சரி.

வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் விடக் கூடாது, காய்ந்த சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டிலும் இரும்பும் கண்ணாடியும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து சுருங்குவதால் முன்சொன்ன பிடி தளர்ந்துபோகும். அடிப்பிடித்தால் தண்ணீரோடு சமையல் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு, மரக்கரண்டியால் தள்ளினால் பெயர்ந்து வரும். கம்பி நார் பளபளப்பைக் கெடுத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒட்டும். உள்பூச்சில் சில்லு பெயர்ந்த சட்டியைச் சமையலிலிருந்து எடுத்துவிட வேண்டும்: அடுத்த சில்லு சோற்றில் விழலாம். வெளியே பெயர்ந்தால் கவலையில்லை. அந்த இடத்திலும் எனாமல் சரியாக ஏறாத விளிம்பிலும் ஈரம் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் துரு ஏறாது.