கணினி அசைவூட்டக் கலைச்சொற்களும் நெல்லைச் சொல்லாக்க நெறியும்

முன்னுரை

அனிமேஷன் எனப் பொதுவழக்கில் குறிக்கப்பெறும் கணினி அசைவூட்டம் இன்று தமிழகக் கல்லூரிகளில் பாடமாக விளங்குகிறது. மென்பொருள் கட்டளைகளை ஆங்கிலத்தில் பழகும் மாணவர், அவற்றின் அடிப்படையைத் தமிழில் விளக்க முற்படுகையில் தக்க சொல்லின்றித் தடைப்படுவர். இத்துறைச் சொற்கள் சில பிறந்த வரலாற்றைப் பொருநைக் கரையில் 1930-களில் உருவான சொல்லாக்க நெறியோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெல்லையின் முயற்சி

சென்னை மாகாண அரசு 1932-இல் வெளியிட்ட கலைச்சொற்பட்டியலில் வடசொற்கள் மிகுந்திருந்தன. இந்நிலையில், 1934-இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் முனைப்பால் சொல்லாக்கப் பணியை மேற்கொண்டது. 1936-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் மாநாடு நடைபெற்றது. 1938-இல் ‘கலைச்சொற்கள்’ எனும் தொகுப்பு வெளிவந்தது. துறையறிந்தோரும் தமிழறிந்தோரும் கூடிச் சொற்களை ஆராய்ந்தமை இம்முயற்சியின் சிறப்பாகும்.

முதன்மைச் சட்டகம்

‘கீஃபிரேம்’ என்பது கையோவியக் கூடத்திலிருந்து கணினிக்கு வந்த சொல். முதுநிலை ஓவியர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். உதவி ஓவியர் இடைப்பட்ட படங்களை நிரப்புவார். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சார்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் ஆகியோர் இடைப்படங்களைக் கணினியே ஆக்கும் முறையை வகுத்தனர். 1974-இல் வெளிவந்த பீட்டர் ஃபோல்டெஸின் ‘ஹங்கர்’ குறும்படம் இம்முறையில் அமைந்ததாகும். ஒரு பந்தின் நிலையை 1-ஆம் சட்டகத்திலும் 24-ஆம் சட்டகத்திலும் குறித்தால், இடைப்பட்ட 22 சட்டகங்களைக் கணினி நிரப்பும். எனவே இங்குக் ‘கீ’ என்பது திறவுகோலன்று. ‘திறவுச் சட்டகம்’ சொல்லை மட்டுமே பெயர்க்கும். ‘முதன்மைச் சட்டகம்’ தொழிலை உணர்த்தும்.

துகளும் உமிழியும்

தீ, புகை, மழை ஆகியவற்றுக்கு நிலையான புறப்பரப்பு இல்லை. லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் ரீவ்ஸ், 1982-இல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக் 2: தி ராத் ஆஃப் கான்’ திரைப்படத்தில் கோளொன்றின் மீது பரவும் தீயை எண்ணற்ற சிறுகூறுகளின் திரளாக அமைத்தார், 1983-இல் அம்முறையை ஆய்வுரையாக வெளியிட்டார். ஒவ்வொரு கூறுக்கும் இடம், விரைவு, நிறம், வாழ்நாள் ஆகியன உண்டு. வாழ்நாள் முடிந்ததும் அது மறையும்.

தமிழில் தீயின் சிறுகூறு ‘பொறி’; நீரின் சிறுகூறு ‘திவலை’. மென்பொருள் இரண்டையும் ஒரே முறையில் கையாள்வதால் பொதுச்சொல் தேவைப்படுகிறது. புழுதியைக் குறித்த பழஞ்சொல்லாகிய ‘துகள்’ இயற்பியலிலும் வழங்குதலின், ‘துகள் தொகுதி’ எனல் பொருந்தும். துகள்களை வெளிவிடும் மூலத்தை ‘உமிழி’ எனலாம். மின்னணுவியலில் முன்னரே பயின்ற சொல் அது.

காட்சியாக்கம்

‘ரெண்டரிங்’ என்பதை ‘உருவாக்கம்’ எனப் பெயர்த்தால், பொருளின் வடிவத்தை அமைக்கும் ‘மாடலிங்’ பணியோடு மயங்கும். முன்னதைக் ‘காட்சியாக்கம்’ எனவும் பின்னதை ‘வடிவமைத்தல்’ எனவும் பிரித்தால் மயக்கம் நீங்கும்.

முடிவுரை

இச்சொற்கள் யாவும் ஏதேனும் ஒரு தொழிற்செயலைச் சுட்டிப் பிறந்தவை. அச்செயலை அறியாது அகராதிப் பொருளை மட்டும் பெயர்த்தால் பிழை நேரும். அசைவூட்டக் கலைஞரும் தமிழாய்வாளரும் கூடியமர்ந்து சொற்களை வரையறுப்பின், நெல்லையில் தொடங்கிய நெறி இன்றைய வகுப்பறைக்கும் பயன்படும்.