கேமுக்காக மாறிய கம்ப்யூட்டர்கள்: ஒரு சிறு வரலாறு

"இதுல கேம் ஓடாது, புதுசு வாங்குங்க" என்று பிள்ளைகள் கேட்பது மண்டபத்தூருக்கு மட்டும் உரியதல்ல. இந்தப் பேச்சுக்கு வயது 30-க்கு மேல்.

1993-இல் வந்த டூம் விளையாட்டுக்கு 4 எம்.பி. ராம் வேண்டியிருந்தது. 1996-இல் வந்த குவேக், தசமக் கணக்கை வேகமாகப் போடும் பென்டியம் சிப்பைக் கேட்டது. 2003-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ. வைஸ் சிட்டிக்கு 32 எம்.பி. கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கார்டு வாங்கிச் செருகினால் பழைய பெட்டியிலேயே ஆடலாம்.

2004-இல் சிக்கல் தொடங்கியது. கார்டு செருகும் ஸ்லாட் ஏ.ஜி.பி.யிலிருந்து பி.சி.ஐ. எக்ஸ்பிரஸுக்கு மாறியது. புதுக் கார்டுக்காக மதர்போர்டை மாற்றப் போனால், பெரும்பாலும் பிராசஸரையும் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று.

இன்றும் அதே கதைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 வசதியைக் கேட்கிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் மதர்போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இடம் கொடுத்து, பவர் சப்ளையும் தாங்கினால், ராம், எஸ்.எஸ்.டி., கார்டு மாற்றினாலே போதும். இல்லையேல் பழையதில் பணம் போடாமல், சேர்த்துவைத்துப் புதிது வாங்குவதே லாபம்.