அணிக்கோவைக் கணிப்பில் நிகழ்நேர இயக்கம்

அணிக்கோவைக் கணிப்பில் நிகழ்நேர இயக்கம் என்பது, கற்பனைக் காலத்தில் செய்யப்படும் கணினிக் கணிப்புகளிலிருந்து குவாண்டம் புலங்களின் மெய்க்கால நடத்தையை வருவிக்கும் சிக்கலாகும். இதற்கு முழுமையான பொதுத் தீர்வு இல்லை.

சிக்கலின் தோற்றம்

1974 இல் கென்னத் வில்சன், வெளியையும் காலத்தையும் சம இடைவெளிப் புள்ளிகளாலான அணிக்கோவையாகக் கொண்டு, குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையை ஆராயும் முறையை முன்வைத்தார். இதில் மாண்டி கார்லோ முறைப்படி, புல அமைவுகள் அவற்றின் எடைக்கேற்பத் தெரிவு செய்யப்படுகின்றன. மெய்க்காலத்தில் அந்த எடை அலைவுறும் சிக்கலெண் ஆதலால், அதை நிகழ்தகவாகக் கொள்ள இயலாது. காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றினால் எடை நேர் எண்ணாகும். ஆனால் காலப்போக்கு நேரடியாகக் கிடைக்காது.

நிறமாலைச் சார்பு

கணினி தருவது கற்பனைக் காலத் தொடர்புச் சார்பு. வேண்டப்படுவது, ஒவ்வோர் ஆற்றலிலும் உள்ள வலிமையைக் காட்டும் நிறமாலைச் சார்பு. முன்னது பின்னதன் தொகையீடாகும். தொகையிடும்போது நுண்விவரங்கள் மழுங்குவதால், வெவ்வேறு நிறமாலைச் சார்புகள் பிழை எல்லைக்குள் ஒரே தொடர்புச் சார்பைத் தரக்கூடும். மேலும், கற்பனைக் காலத்தின் நீளம் வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், வெப்பம் மிக்க குவார்க்-குளுவான் பிளாசுமாவை ஆராய்வது இன்னும் கடினம்.

1999 இல் நக்கஹாரா, அசக்காவா, ஹட்சுடா ஆகியோர் உச்ச எண்ட்ரோப்பி முறையை இதற்குப் பயன்படுத்தினர். இம்முறை தரவுகளுடன் முன் அனுமானம் ஒன்றையும் சேர்த்து, மிகப் பொருத்தமான சார்பைத் தெரிகிறது.

இந்திய ஆய்வுகள்

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சௌரேந்து குப்தா, 2004 இல் பிளாசுமாவின் மின்கடத்துதிறனைக் கணித்தார். மின்னூட்டக் காரணியை நீக்கியபின், வெப்பநிலையோடு அதன் விகிதம் ஏறத்தாழ 7 என அமைந்தது. 2007 இல் ஆர்ட்சு குழுவினர் ஏறத்தாழ 0.4 என்றும், 2011 இல் டிங் குழுவினர் 1/3 முதல் 1 வரை என்றும் கண்டனர். மின்கடத்துதிறன் நிறமாலைச் சார்பின் சுழிய ஆற்றல் முனையைச் சார்ந்தது. தரவுகள் மிகக் குறைவாக வரையறுப்பதும் அப்பகுதியையே. எனவே மீட்கும் முறை விடையைப் பெரிதும் பாதிக்கிறது.

2012 இல் தேபாசிசு பானர்ஜி, சௌமேன் தத்தா, ராஜீவ் கவாய், புசன் மஜும்தார் ஆகியோர் கன குவார்க்குகளின் விரவலைக் கணித்தனர். அதற்குரிய நிறமாலைச் சார்பில் சுழிய ஆற்றலருகே கூர்முகடு இல்லாததால், இச்சிக்கல் ஓரளவு தணிகிறது.

பிற வழிகள்

மார்ட்டின் லூசர் உருவாக்கிய முறை, வரம்புடைய பெட்டியில் கிடைக்கும் ஆற்றல் மட்டங்களிலிருந்து துகள் சிதறலை அறிய உதவுகிறது. குவாண்டம் கணினிகள் மெய்க்காலத்தை நேரடியாகக் கையாள வல்லவை. 2016 இல் இன்சுபுருக்கில் நான்கு அயனிகளைக் கொண்டு, ஒரு பரிமாண வெளியில் துகள்-எதிர்த்துகள் இணைகள் தோன்றுவது இவ்வாறு செய்துகாட்டப்பட்டது.

மேலும் காண்க

குவார்க்
மாண்டி கார்லோ முறை
குவாண்டம் கணினி