பின்பாரம் ஏற்றிய கார்

கண்டாச்சிபுரம் பக்கத்தில் மணிலா மூட்டை ஏற்றிப் பழகிய வண்டிக்காரர் எவரையும் கேட்டுப் பாருங்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும் என்பார். பாரம் அச்சின்மேல் சமமாக அமைய வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட இயற்பியல்.

இந்த விதிக்கு மாறாக, வேண்டுமென்றே பின்பாரம் வைத்துக் கட்டப்பட்ட கார் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதுவே ஜெர்மானியரின் போர்ஷ் 911.

அதன் மூதாதை, பெர்டினாண்டு போர்ஷ் 1930களில் வடிவமைத்த போக்ஸ்வாகன். எஞ்சின் பின்னால் இருந்தது. அதைக் குளிர்விக்க நீர் இல்லை, காற்றே போதும். அதன் உறுப்புகளைக் கொண்டு அவர் மகன் பெர்ரி போர்ஷ் 1948இல் '356' என்னும் காரை உருவாக்கினார். பேரன் அலெக்சாண்டர் போர்ஷ் வரைந்த புதிய கார் 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் '901' என்ற எண்ணுடன் வந்தது. நடுவில் பூஜ்யம் உள்ள மூன்றிலக்க எண்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் தடை சொல்லவே, 1964இல் அது '911' ஆயிற்று. ஆறு சிலிண்டர், 1991 கன செ.மீ. கொள்ளளவு, 130 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 210 கி.மீ. வேகம்!

பின்பாரத்தால் என்ன பயன்? எஞ்சின் சுழற்றுவது பின் சக்கரங்களை. அவற்றின்மேல் எடை கூடினால் தரையுடன் உராய்வும் கூடும். எனவே வேகமெடுக்கும்போது சக்கரம் வீணாக வழுக்குவதில்லை. பனி மூடிய மலைப்பாதைகளில் நடக்கும் மான்டிகார்லோ ராலியில் 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் 911 வென்றதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

தீமையும் அங்கேதான் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது கனமான பின்பகுதி தன் நிலைமத்தால் நேர்க்கோட்டிலேயே செல்லப் பார்க்கும். ஓட்டுபவர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பாரம் முன்னோக்கி நகர்ந்து, பின் சக்கரங்களின் பிடி தளரும். கார் பம்பரம்போல் சுழன்றுவிடும். பயந்தவன் இயல்பாகச் செய்வதே ஆபத்தை வரவழைக்கும்!

பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள்? முதலில் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். அது தற்காலிக மருந்து. 1968இல் எஞ்சினை நகர்த்தாமல், பின் சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 2211 மி.மீட்டரிலிருந்து 2268 ஆயிற்று. வெறும் 57 மி.மீ., நம் மூன்று விரற்கடைதான். ஆனால் அச்சுக்குப் பின்னால் தொங்கிய பாரத்தின் நெம்புகோல் தூரம் குறைந்தது. கார் கட்டுக்கு வந்தது. காற்றுக் குளிர்ப்பு 1990களின் இறுதியில் விடைபெற்றது. எஞ்சின் இருக்கும் இடம் மட்டும் இன்றும் மாறவில்லை.

அறுபதுகளின் இந்தக் காரைப் பலர் இன்றும் போற்றுவது அழகுக்காக மட்டும் அன்று. ஒரு குறையை மறைக்காமல், அதன் காரணத்தை அளந்தறிந்து அடக்கியதன் வரலாறு அதில் இருக்கிறது. அதை ஓட்டுபவரும் இயற்பியலைக் கற்றே ஆக வேண்டும்.

மாணவர்களே, இது தொலைநாட்டுச் செய்தி என்று எண்ணாதீர்கள். மொபெட்டின் பின்புறம் இரண்டு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போவோரை நம் சாலைகளில் காண்கிறீர்கள். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் பாரம் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்; ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. 911இல் அந்த 57 மி.மீ. செய்த வேலையை இங்கே நீங்களே செய்யலாம். மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளிக் கட்டுங்கள்.